பெயர் போடாத வேலை

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

இன்று நான் சொல்லாமல் விட்டது இதுதான்: "அதை நீக்கினது நான்." மூன்றே வார்த்தை. காலை பத்தேகாலிலிருந்து பத்தரை வரை அதைச் சொல்ல எனக்கு நேரமும் இடமும் இருந்தன. சொல்லவில்லை.

நான் நலம். உன் மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? மாமாவும் சின்னவளும் சுகம்தானே? போனில் கேட்டிருக்கலாம். ஆனால் நம் குடும்பத்துப் போனில் அம்மா எப்போதும் மூன்றாவது ஆள். அதோடு, பேச்சில் நான் கெட்டிக்காரத்தனமாகத் தப்பித்துவிடுவேன். எழுதும்போது கை கொஞ்சம் தயங்கும். இன்று அந்தத் தயக்கம் எனக்கு வேண்டும்.

கால்நடை மருத்துவர்களுக்கான எங்கள் மென்பொருளைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். நாய்க்கோ பூனைக்கோ தடுப்பூசி நாள் வந்தால் வளர்ப்பவருக்கு அது செய்தி அனுப்பும். போன புதன்கிழமை பழைய அட்டவணை ஒன்றைச் சுத்தம் செய்தேன். அதில் 'வி' என்று ஒற்றை எழுத்துத் தலைப்போடு ஒரு பத்தி இருந்தது. விளக்கம் எதுவும் இல்லை. மேலிருந்து இரண்டு பக்கம் பார்த்தேன், எல்லாம் காலி. யாருக்கும் உதவாத பத்தி என்று நீக்கிவிட்டேன்.

அது விடைபெற்றவற்றின் பத்தி, அக்கா. கம்பெனி தொடங்கியபோது 'செத்தது' என்று திரையில் எழுத எங்கள் டாக்டருக்கு மனசு வரவில்லையாம். இவர்தான் முதலாளி. முன்பு மாடுகளுக்கும் பூனைகளுக்கும் வைத்தியம் பார்த்தவர். 'வி' என்று போடச் சொல்லியிருக்கிறார். இன்று காலை, இறந்துபோன இருநூற்றுப் பன்னிரண்டு பிராணிகளின் வீடுகளுக்கு ஊசி போட வரச்சொல்லிச் செய்தி போயிருக்கிறது.

முதல் போனை நான்தான் எடுத்தேன். ஒரு அம்மா. "பஞ்சுவைக் கூட்டிட்டு வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கு. எங்கே கூட்டிட்டு வரணும்? அவ போய் எட்டு மாசம் ஆச்சு." கோபமாகக்கூட இல்லை. வழி கேட்பதுபோலக் கேட்டார்.

டாக்டர் எல்லோரையும் கூப்பிட்டார். யார் என்று கேட்கவில்லை. எங்கள் கம்பெனியில் அந்த வழக்கம் இல்லை. ஏழு பேர் செய்கிற எல்லா மாற்றமும் 'நாங்கள்' என்ற ஒரே பெயரில்தான் பதிவாகும். "வெளியே போறது கம்பெனி செஞ்சது. உள்ளே தனித்தனியா பேர் எதுக்கு?" என்பது அவர் கட்சி. யாரும் கேட்காதபோதே ரேடியோ கையைத் தூக்கினார்.

ரேடியோ என் எதிர் மேஜை. காலையில் செருப்பைக் கழற்றும்போது தொடங்கும் பேச்சு, மாலையில் செருப்பை மாட்டும்போதுதான் நிற்கும். அதனால் அந்தப் பெயர். நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். "நானாத்தான் இருக்கும் டாக்டர். போன வாரம் அந்த அட்டவணையில மூணு பத்தி தூக்கினேன். இதுவும் சேர்ந்து போயிருக்கும்" என்றார்.

பொய் சொல்லவில்லை. அப்படியே நம்பினார். நான் என் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன்
தங்கை


பிப்ரவரி 13

அன்புத் தங்கைக்கு,

இங்கு எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஒரு பல் விழுந்தது. அதைத் தீப்பெட்டியில் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருக்கிறாள். என் மணிக்கட்டை விடு, அது அப்படித்தான்.

உன் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள். செத்த பூனைக்கு ஊசி. மாமாவிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. அப்புறம் நானும் நிறுத்திக்கொண்டேன்.

நான் சொல்வதைக் கேள். வாயைத் திறக்காதே. வேலியில் போகிற ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்ளாதே. பத்தி திரும்ப வந்துவிட்டதா? பழைய பிரதியிலிருந்து எடுத்திருப்பீர்கள். அவ்வளவுதான் விஷயம். அந்த ரேடியோ தானாகக் கையைத் தூக்கினார், நீ தூக்கிவிடவில்லை.

ஏழு பேர் ஒரு அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது வேலையில்லை, அது குடும்பம். ஒரு குடும்பம் போதாதா உனக்கு? பிரிண்டருக்கு மை மாற்றுவதும் நீ, புரோகிராம் எழுதுவதும் நீ, போன் எடுப்பதும் நீ. எங்கள் கம்பெனியில் நாலாயிரம் பேர். என் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள். விண்ணப்பம் அனுப்பு, அறிமுகம் என்ற இடத்தில் என் பெயரைப் போடு. கையில் கறை ஒட்டாமல் வந்துவிடு.

நேரத்துக்குத் தூங்கு.

அக்கா


பிப்ரவரி 22

அன்புள்ள அக்காவுக்கு,

சின்னவளின் தீப்பெட்டியை அடுத்த முறை எனக்கும் காட்டச் சொல். இங்கே கீழ்த்தளத்தில் பல் டாக்டர் இருக்கிறார். அவர் துளைபோடும் சத்தம் தரை வழியாக வரும்போது நாங்கள் ஏழு பேரும் அவரவர் பல்லை நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொள்வோம். யாரும் யாரிடமும் சொல்வதில்லை. ஆனால் எல்லோர் கன்னமும் அசையும்.

பத்தி ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டது. ஆனால் அது முடிவில்லை. "மன்னிப்பை மெசேஜ்ல அனுப்பாதீங்க. மெசேஜ்லதானே தப்பு போச்சு? குரல்ல கேளுங்க" என்றார் டாக்டர். ரேடியோ இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் தானே கூப்பிடுவதாகச் சொல்லிவிட்டார். நான் பாதியை எடுத்துக்கொள்கிறேன் என்றேன். "நீ எதுக்கும்மா? நான் சிந்தினதை நான் துடைக்கறேன்" என்றார்.

தினமும் காலையில் எட்டு, மாலையில் எட்டு. எனக்குக் காது கேட்கும் தூரத்தில். "ஆமாங்க, நான்தாங்க செஞ்சேன். ஆமாங்க. எத்தனை வருஷமா இருந்துச்சு உங்க வீட்ல?" சிலர் திட்டுகிறார்கள். பலர் அழுகிறார்கள். சிலர் அந்த நாயின் கதை முழுவதையும் சொல்கிறார்கள். அவர் கேட்கிறார். நடுவில் பேசுவதில்லை. போனை வைத்த பிறகும் பேசுவதில்லை.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. இரண்டு வாரத்துக்கு மேலாக ரேடியோ ஓடவில்லை. எங்கள் டிசைனர் நேற்று அவர் மேஜையைத் தட்டி, "என்னண்ணே, கரண்ட் கட்டா?" என்றாள். அவர் சிரித்த மாதிரி செய்தார்.

குடும்பம் என்று நீ திட்டினாய். இருக்கலாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். என்னை வேலைக்கு எடுத்த அன்று டாக்டர் ஒரே கேள்விதான் கேட்டார்: "உனக்கு என்னென்ன தெரியாது?" ஒரு மணி நேரம் பதில் சொன்னேன். "நல்லது, திங்கட்கிழமை வா" என்றார். தெரியாததைத் தயங்காமல் சொல்லக்கூடிய அறை அது. காலையில் ஒரு மருத்துவமனை குறை சொன்னால் மாலைக்குள் நானே சரிசெய்வேன். மறுநாள் அவர்களே கூப்பிட்டு நன்றி சொல்வார்கள். எனக்கு இவ்வளவு கொடுத்த இடத்தில், இந்த ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை.

விண்ணப்பம் அனுப்பிவிட்டேன். உன் பெயரைப் போட்டிருக்கிறேன்.

தங்கை


மார்ச் 5

அன்புத் தங்கைக்கு,

சுருக்கமாக எழுதுகிறேன், கைக்குக் கட்டுப் போட்டிருக்கிறார்கள். பயப்படாதே.

உன்னை நேர்காணலுக்குக் கூப்பிடுவார்கள். நன்றாகச் செய்வாய். இங்கே யாரையும் யாருக்கும் அவ்வளவாகத் தெரியாது. மின்தூக்கியில் எல்லோரும் எண்களைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அது எவ்வளவு நிம்மதி என்று வந்தால் தெரியும். யாருடைய அழுகையும் உன் காதுக்கு வராது.

ரேடியோவை நினைத்து உருகாதே. ஆண்பிள்ளை, இரண்டு வாரத்தில் மறந்துவிடுவார்.

அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டு எதற்கு? எழுதாமல் விட்டுவிட்டாய். அம்மாவிடம் கேட்டால் அவளுக்கும் தெரியவில்லை.

அவர் மறக்கவில்லை. நேற்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெரிய கால்நடை மருத்துவமனை ஒன்று எங்களிடம் புதிதாக ஒரு மென்பொருள் கேட்டிருக்கிறது. எங்களைப் போன்ற சின்ன கம்பெனிக்கு இப்படி ஒன்று பத்து வருடத்துக்கு ஒருமுறைதான் வரும். அதன் பொறுப்பு ரேடியோவுக்கு என்று டிசம்பரிலேயே பேசி வைத்திருந்தார்கள். அவர் இரண்டு மாதமாக வீட்டிலிருந்து அதன் திரைகளைப் படமாக வரைந்து கொண்டுவந்து எங்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"அவன் வேண்டாங்கறான்" என்றார் டாக்டர். "தன் கை மேல நம்பிக்கை இல்லையாம். உன் பேரைச் சொன்னான். 'அவ நிதானமானவ, தொடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவை பார்ப்பா'ன்னான். நீ எடுத்துக்கறியா?"

யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன்.

என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு புகழ்ந்ததில்லை, அக்கா. புகழ்ந்தது அவர். இரண்டு பக்கம் மட்டும் பார்த்துவிட்டு ஒரு பத்தியைத் தூக்கிய கைக்கு.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். இத்தனை வருடத்தில் உனக்கு இப்படி எதுவும் நடந்ததில்லையா? நடந்திருந்தால் என்ன செய்தாய்?

பதில் எழுது. கை வலித்தால் மாமாவை எழுதச் சொல்லாதே. வலி போன பிறகு நீயே எழுது.

தங்கை


மார்ச் 31

அக்கா,

சுகமா? உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் ஏதாவதா? அம்மாவிடம் போனில் நன்றாகத்தான் பேசினாயாம்.

நேர்காணல் முடிந்தது. ஐந்து பேர் கேள்வி கேட்டார்கள். ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்கவில்லை. வேலை கிடைத்துவிட்டது. மே ஐந்துக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். டாக்டருக்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இரண்டு கதவுக்கும் நடுவில் நின்றுகொண்டிருக்கிறேன்.

உன் கடிதத்துக்காகத்தான்.

தங்கை


ஏப்ரல் 24

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் சுகம். காய்ச்சல் யாருக்கும் இல்லை. மணிக்கட்டு வலிக்குப் போட்ட கட்டை எப்போதோ பிரித்தாயிற்று. எழுதாமல் இருந்ததற்குக் கை காரணமில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: நடந்திருக்கிறது. ஆறு வருடத்துக்கு முன். ஒரு மென்பொருள் சோதனையைச் செய்யாமலே செய்ததாகக் குறித்துவிட்டேன். சின்னவள் அப்போது கைக்குழந்தை, நான் தூங்கி மூன்று நாள் ஆகியிருந்தது. அது காரணம், நியாயமில்லை. மறுவாரம் ஒரு பெரிய வாடிக்கையாளரின் வேலை அரை நாள் நின்றுபோயிற்று. விசாரணைக் குழு போட்டார்கள். கடைசியாகச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவர் பொறுப்பு என்று முடிவு செய்தார்கள். அது நான் இல்லை. வேறு ஊர்க் கிளையில் ஒரு பெண். அறிக்கையில் அவளுடைய ஊழியர் எண் மட்டும் இருந்தது. அவளை அனுப்பிவிட்டார்கள்.

அவள் முகம் எனக்குத் தெரியாது. குரல் தெரியாது. அந்த எண் மட்டும் தெரியும். இப்போதும் தெரியும். பதவி உயர்வு வந்தபோது மாமா ஊரெல்லாம் சொன்னார். நான் குளியலறையில் போய் உட்கார்ந்துகொண்டேன். மாமாவுக்கு இன்றுவரை சொன்னதில்லை. உனக்குத்தான் முதலில்.

நாலாயிரம் பேரில் யாரும் யாரையும் அறியாத நிம்மதி என்று எழுதினேன் இல்லையா. அதை எழுதிவிட்டு எனக்கே வெட்கமாக இருந்தது.

உனக்கு ஒரு வசதி இருக்கிறது. உன் ஆள் எதிர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறார். நான் முதலில் சொன்ன புத்தியை எடுத்துக் குப்பையில் போடு. இங்கே வருவதும் வராததும் உன் இஷ்டம். ஆனால் வருவதாக இருந்தாலும் சொல்லிவிட்டு வா.

அக்கா


மே 3

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். உன்மேல் எனக்கு எதுவும் குறையவில்லை என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நேற்றுச் சொல்லிவிட்டேன்.

மத்தியானச் சாப்பாடு, ஏழு பேரும் நீள மேஜையில் இருந்தோம். தனியாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் எல்லோர் முன்னாலும் ஏற்றுக்கொண்டவர், நான் மட்டும் மூலையில் போய்ச் சொன்னால் எப்படி?

"அண்ணே, அந்தப் பத்தியைத் தூக்கினது நீங்க இல்ல. நான்."

அவர் நிமிரவில்லை. "எது?"

"வி. நீங்க மூணு தூக்கினீங்க. நாலாவது நான் தூக்கினேன். புதன்கிழமை சாயங்காலம்."

"இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா?"

"இல்ல. அன்னைக்கே தெரியும்."

டிசைனர் மெல்ல, "அடிப்பாவி" என்றாள்.

அவர் டப்பாவை மூடினார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "நான் செஞ்சது எனக்கே ஞாபகம் வரலியேன்னு, மூளைக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு, டாக்டர்கிட்ட போனேன் தெரியுமா?" என்றார். "நம்ம டாக்டர் இல்ல. ஆஸ்பத்திரி டாக்டர். தலையைப் படம் புடிச்சுப் பார்த்தாங்க. ஒண்ணுமில்லைன்னாங்க. அப்பவும் நான் நம்பல. வீட்ல அவகிட்டகூடச் சொல்லல."

இருநூற்றுப் பன்னிரண்டு போன்களை நான் நினைத்து வைத்திருந்தேன். இதை நினைக்கவேயில்லை, அக்கா. மன்னிப்புக் கேட்டேன். "கேட்டாச்சுல்ல" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

டாக்டர் என்னை அனுப்பிவிடுவார் என்று மேஜையில் என் பொருள்களைக் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருந்தேன். அவர் வந்து ஒரு தாளை வைத்தார். "பத்தொன்பது பேர் அவன் கூப்பிட்டப்போ எடுக்கல. இவங்களை நீ கூப்பிடு. புது வேலை அவனுக்கு. இஷ்டம்னா அவன் கீழே இரு." கதவுவரை போய்த் திரும்பினார். "பேர் வேண்டாம்னு சொன்னது நான். அதுவும் தப்புதான். இனிமே அவங்கவங்க பேரைப் போட்டு வைங்க. திட்டறதுக்கில்ல. ஒருத்தன் வீணா ஆஸ்பத்திரிக்குப் போகாம இருக்கறதுக்கு."

உன் கம்பெனிக்கு வரவில்லை என்று இன்று காலை எழுதிவிட்டேன். உன் பெயரைப் போட்டுவிட்டு இப்படிச் செய்ததற்கு மன்னித்துக்கொள். அவமானத்தோடு இருந்தாலும் நான் இங்கேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தங்கை


மே 16

அன்புத் தங்கைக்கு,

என் பெயர் ஒன்றும் தேய்ந்துவிடவில்லை. அந்த இடத்துக்கு மறுநாளே வேறு ஆள் வந்தாயிற்று. நாலாயிரம் பேரில் அது ஒரு சௌகரியம்.

ரேடியோ பேசுகிறாரா?

நான் மாமாவிடம் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுக்கொண்டார். பிறகு, "அந்தப் பொண்ணு எங்கே இருக்கான்னு கண்டுபிடிக்க முடியாதா?" என்று கேட்டார். ஆறு வருடத்தில் எனக்கு இது தோன்றவேயில்லை, பார். அந்தக் கிளையில் பழைய ஆள் ஒருவரைப் பிடித்து எண்ணைச் சொன்னேன். அவர் பெயரைச் சொன்னார், விலாசமும் கிடைத்தது. அந்தப் பெயரை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். நாலு எழுத்து.

கடிதம் எழுதியிருக்கிறேன். இன்னும் தபாலில் போடவில்லை. நாளை போட்டுவிடுவேன். நீ சொல்லியிருக்காவிட்டால் எழுதியிருக்க மாட்டேன்.

சாப்பாட்டை விட்டுவிடாதே.

அக்கா


ஆகஸ்ட் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். மாமாவுக்கு என் அன்பைச் சொல். சின்னவளுக்கு இரண்டாவது பல்லும் விழுந்ததாக அம்மா சொன்னாள்.

பத்தொன்பது பேரையும் கூப்பிட்டு முடித்துவிட்டேன். கடைசி ஆளைப் பிடிக்க ஜூன் கடைசிவரை ஆயிற்று. ஒருவர் அரை மணி நேரம் திட்டினார். குறுக்கே பேசாமல் வாங்கிக்கொண்டேன். ஒரு அம்மா, "எங்க ராசாவோட பேரை உங்க கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்துடுவீங்களா?" என்றார். எடுத்துவிடுகிறோம் என்று அவசரமாகச் சொன்னேன். "ஐயோ, எடுக்காதீங்க. வேற எங்கேயும் அது எழுதியே இல்ல" என்றார். அந்தப் பத்திக்கு இப்போது முழுத் தலைப்பு இருக்கிறது. கீழே விளக்கமும் இருக்கிறது. எழுதியது நான், என் பெயரும் இருக்கிறது.

ரேடியோவைப் பற்றிக் கேட்டிருந்தாய். புது வேலையை மே மாதமே எடுத்துக்கொண்டார். பேச்சும் திரும்பிவிட்டது. டிசைனரிடம், டாக்டரிடம், பிரிண்டர் சரிசெய்ய வந்தவரிடம்கூட. என்னிடம் மட்டும் இல்லை. எனக்கான வேலையைத் தாளில் எழுதி மேஜையில் வைப்பார். நன்றாக விளக்கி, ஒரு வார்த்தைகூடக் கடுமையில்லாமல். நான் செய்து முடித்துத் திருப்பி வைப்பேன். இரண்டரை மாதம் அப்படி. அதை நான் குறை சொல்ல முடியாது. எதிரில் அவர் பேசிக்கொண்டிருக்கும் சத்தமே எனக்குப் போதும் என்று இருந்தேன்.

உன் கடிதத்துக்கு அந்தப் பெண்ணிடமிருந்து பதில் வந்ததா? வராவிட்டாலும் நீ போட்டாய். அதற்கு உனக்கு நன்றி. ஏப்ரலில் எனக்கு எழுதியதற்கும்.

ஜூலை பதினெட்டாம் தேதி, செய்தி அனுப்பும் பகுதியில் ஒரு பிழை பிடிபடாமல் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். "தள்ளி உட்காரு" என்றார். பிறகு ஒரு மணி நேரம் பேசினார்.

தங்கை